வியூஃபைண்டரில் தெரியும் மங்கலும் படத்தில் விழும் மங்கலும்

கரிசல்காட்டான்

கேனான் 6டி கேமரா வைத்திருக்கிறேன். அண்மையில் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஒன்று பழையதாகக் கைக்கு வந்தது. படங்கள் அருமையாக வருகின்றன. குழப்பமெல்லாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில்தான். எஃப்/1.4-இல் பார்க்கிறேன் (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் துளை பெரியது). பிறகு எஃப்/2 வைத்து, லென்ஸ் மாட்டும் இடத்தின் அருகில் இருக்கும், துளையை வைத்த அளவுக்கு மூடிக் காட்டும் முன்னோட்டப் பொத்தானை அழுத்துகிறேன். ஒரு மாற்றமும் இல்லை. எஃப்/2.8 வைத்து அழுத்தினாலும் ஏறக்குறைய அதே காட்சி. எஃப்/4-க்குப் போன பிறகுதான் இருட்டுகிறது, பின்னணியும் கொஞ்சம் துலங்குகிறது. ஆனால் எடுத்த படங்களில் 1.4-க்கும் 2.8-க்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. தெருவிளக்குகள் படத்தில் உப்பிப் பெரிய வட்டங்களாக வருகின்றன. கண் வைத்துப் பார்த்தபோது அதில் பாதிதான் இருந்தன.

பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். துளையைச் சிறிதாக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் சிக்கியிருக்கும், கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொடுப்பதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

இருட்டறை

கொடுக்காதீர்கள். இதழ்கள் சிக்கியிருந்தால் படங்களிலும் 1.4-க்கும் 2.8-க்கும் வேறுபாடு இருந்திருக்காதே. உங்கள் லென்ஸ் நலமாக இருக்கிறது.

உங்களுடையது போன்ற, உள்ளே மிரர் உள்ள டிஎஸ்எல்ஆரில் நாம் பார்ப்பது ஃபோகஸிங் ஸ்கிரீன் என்ற தகட்டில் விழுந்த பிம்பத்தை. எஃப்/1.4 லென்ஸின் விளிம்பிலிருந்து வரும் ஒளி அந்த ஸ்கிரீனில் ஏறத்தாழ 20 பாகை சாய்வில் விழுகிறது. எஃப்/2.8 என்றால் சாய்வு 10 பாகைதான். அவ்வளவு சாய்ந்து வந்த ஒளியைத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்ப வேண்டுமானால் ஸ்கிரீன் அதை நன்றாகச் சிதறடிக்க வேண்டும். பழைய தேய்த்த கண்ணாடி சிதறடித்தது. அதற்கு விலையாகக் காட்சி இருண்டது, சொரசொரப்பும் தெரிந்தது.

ஆட்டோஃபோகஸ் வந்ததும் இன்னொரு தொல்லை சேர்ந்தது. மிரர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைக் கீழே இருக்கும் ஃபோகஸ் உணரிக்கு அனுப்பிவிடுகிறது. போதாததற்கு எல்லோர் கையிலும் எஃப்/3.5–5.6 ஜூம். கடையில் கையில் எடுத்துப் பார்க்கிறவர் இருண்ட வியூஃபைண்டரை வாங்குவாரா? ஆகவே நுண்ணிய அமைப்புகள் பதித்த, வெளிச்சமான ஸ்கிரீன்கள் எங்கும் பரவின. மினோல்டாவின் அக்யூட் மேட் இந்த வகையில் பெயர்பெற்றது. ஹாசல்பிளாட் நிறுவனமே அதை வாங்கித் தன் கேமராவில் போட்டது. இத்தகைய ஸ்கிரீன்கள் ஒருக்களித்த கதவு மாதிரி. நேரே வரும் ஒளிக்கு வழிவிடும், பக்கவாட்டில் வருவதைத் தடுத்துவிடும். லென்ஸின் நடுப்பகுதி ஒளி மட்டும் கண்ணுக்கு வருவதால் எவ்வளவு பெரிய துளை கொண்ட லென்ஸைப் போட்டாலும் வியூஃபைண்டர் எஃப்/2.5 அல்லது எஃப்/2.8 அளவிலான புல ஆழத்தையே (கூர்மையாகத் தெரியும் தூர வரம்பையே) காட்டும். 1.4 லென்ஸுக்குக் கொடுத்த பணத்தில் பாதி உங்கள் கண்ணுக்கு வந்து சேரவே இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். வியூஃபைண்டரில் ஒருமுறை பாருங்கள். எதையும் அசைக்காமல் லைவ் வியூவைப் போட்டுப் பின்திரையில் பாருங்கள். அதே லென்ஸ், அதே 1.4. விளக்கு வட்டங்கள் அங்கே இரட்டிப்பாக இருக்கும்.

மூன்றாம்கண்

இதை இப்படியே விட முடியாது. நான் நிக்கான் எஃப்3 வந்த காலத்திலிருந்து கண்ணால் பார்த்துத்தான் புல ஆழத்தை முடிவு செய்கிறேன். 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் 1.4-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பொத்தான் வைத்ததே அதற்காகத்தானே? 1.4 லென்ஸ் போட்டால் வியூஃபைண்டர் பிரகாசமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வதும் பொய்யா?

இளைஞர்கள் கண்ணை நம்புவதை விட்டுவிட்டுக் கணக்குப் போடப் பழகிவிட்டீர்கள்.

இருட்டறை

மூன்றாம்கண் ஐயா, உங்கள் எஃப்3-இல் என்ன ஸ்கிரீன் இருக்கிறது? அந்தக் கேமராவில் ஸ்கிரீனைக் கழற்றி மாற்றலாம், வகை வகையாக விற்றார்கள். வெறும் மேட் ஸ்கிரீனாக இருந்தால் உங்கள் கண் சரியாகவே சொல்லியிருக்கும். நான் சொல்வது கரிசல்காட்டான் கையில் இருப்பது போன்ற ஆட்டோஃபோகஸ் காலத்து ஸ்கிரீன்களைப் பற்றி.

பிரகாசம் பற்றி: எஃப்/4 ஜூமைக் கழற்றிவிட்டு 1.4 போட்டால் பிரகாசம் கூடும்தான். ஆனால் கூடுவது 2.8 வரை கூடுகிற அளவு. அதற்கு மேல் போவதில்லை.

மூன்றாம்கண்

மேட் ஸ்கிரீன்தான், நடுவில் பிளவுப் பிம்பம் (ஃபோகஸ் சரியானால் இரு பாதியும் பொருந்தும் வட்டம்) இல்லாதது. எஃப்/5.6 லென்ஸ் போட்டால் பிளவுப் பிம்பத்தில் ஒரு பாதி கறுத்துவிடும் என்பதால் வேண்டாம் என்று அப்போதே மாற்றிவிட்டேன். சரி, புதியவை எப்படியோ போகட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். வியூஃபைண்டரைக் கண்பார்வைக்கு ஏற்பத் திருத்தும் டயாப்டரைச் சரி செய்யாமல் யாரும் இந்த விவாதத்துக்கு வர வேண்டாம். முதலில் லென்ஸை ஃபோகஸ் தவறும்படி திருப்பிவிட்டு, ஸ்கிரீனில் பொறித்திருக்கும் கோடுகள் கூர்மையாகும் வரை டயாப்டரைத் திருப்புங்கள். அது தவறாக இருந்தால் கண் ஸ்கிரீனை விட்டுவிட்டு வேறு தளத்தில் போய் நிற்கும். மங்கல் எவ்வளவு என்று அதன் பிறகு யார் சொன்னாலும் மதிப்பில்லை.

அகல்விளக்கு

நான் திருமணப் படங்கள் எடுப்பவள். வியூஃபைண்டரில் தெரியும் மங்கலைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுப் பல காலம் ஆகிறது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வகுத்தல் போதும். மூன்றாம்கண் ஐயா கணக்கு என்றதும் கோபிப்பார், இருந்தாலும் சொல்கிறேன்.

வெகு தொலைவில் இருக்கும் ஒரு சிறு விளக்கு எவ்வளவு பெரிய வட்டமாக விரியும்? நாம் ஃபோகஸ் செய்த ஆள் நிற்கும் இடத்தில் வைத்து அளந்தால், லென்ஸ் துளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. 85-ஐ 1.4-ஆல் வகுத்தால் 61 மி.மீ. அதாவது மணப்பெண்ணின் முகத்துக்கு அருகே 6 செ.மீ. அகலமுள்ள ஒரு வட்டத்தைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அந்த அளவு. 2.8-இல் 3 செ.மீ. முகத்தின் அகலம் 14, 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முதலாவது முகத்தில் பாதியை நெருங்குகிறது, இரண்டாவது கண்ணின் அகலத்தோடு நின்றுவிடுகிறது. கரிசல்காட்டான் தம்பி பார்த்த "பாதி" இதுதான். வியூஃபைண்டர் காட்டியது 3 செ.மீ., சென்சாரில் விழுந்தது 6 செ.மீ.

பின்னணி அருகில் இருந்தால் வட்டம் சுருங்கும். பெண் 2 மீட்டரில் நிற்கிறாள், சரவிளக்குகள் நம்மிடமிருந்து 6 மீட்டரில் தொங்குகின்றன என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 செ.மீ. விளக்குகள் 3 மீட்டரிலேயே இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, வெறும் 2 செ.மீ. மண்டப மேடைகளில் அலங்காரத் திரை மணமக்களின் முதுகை ஒட்டியே இருக்கும். அங்கே 1.4 வைத்தாலும் பெரிய வட்டங்கள் கிடைக்காது. துளையைத் திறப்பதைவிட மணமக்களை இரண்டடி முன்னால் நகர்த்துவது அதிகம் பலன் தரும். அலங்காரம் செய்தவர்தான் திரையோடு சேர்த்து நிற்கச் சொல்வார், அவரோடு நித்தமும் வழக்கு.

இன்னொன்று இதைவிட முக்கியம். 85 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தூரத்துக்கு, 1.4-இல் தெளிவான பகுதி ஏறக்குறைய நாலரை செ.மீ. 2.8-இல் 9 செ.மீ. வியூஃபைண்டர் காட்டுவது இரண்டாவதை. அதில் பார்த்தால் மூக்குத்தியும் கூர்மை, கண்ணும் கூர்மை, ஜிமிக்கியும் ஏறக்குறையக் கூர்மை. கணினியில் திறந்தால் மூக்குத்தி தனியாக ஜொலிக்கும், கண் ஒரு நூல் பின்னால் போயிருக்கும், ஜிமிக்கி பொன் நிறப் புகையாகக் கரைந்திருக்கும். கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களை இந்தக் கேமராக்களில் 1.4-இல் பயன்படுத்துகிறவர்கள் படும் பாடு இதனால்தான். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பிக்சல்பாண்டி

இவ்வளவு பேச்சு எதற்கு? மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்குங்கள். சென்சாரில் விழுவதே வியூஃபைண்டரில் தெரியும். ஸ்கிரீன் இல்லை, சாய்வு இல்லை, வகுத்தலும் இல்லை.

நுண்ணோக்கி

பாண்டி அண்ணா, ஸ்கிரீன் பிரச்சினை தீர்ந்தது உண்மை. 1.4 லென்ஸின் வட்டங்கள் முழு அளவில் தெரியும், ஓரங்களில் பூனைக்கண் போல நசுங்குவதுகூடத் தெரியும். ஆனால் "விழுவதே தெரியும்" என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

நிக்கான் இசட் வரிசையில் நீங்கள் எஃப்/11 வைத்தாலும் காட்சி எஃப்/5.6-ஐத் தாண்டி மூடாது. படம் எடுக்கும் கணத்தில்தான் 11-க்குப் போகும். கேனான் ஆர் வரிசையில் பல கேமராக்கள், பொத்தானை அழுத்தும் வரை துளையை முழுக்கத் திறந்தே வைத்திருக்கும். சில புதியவற்றில் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். சோனியில் பெரும்பாலும் நாம் வைத்த அளவிலேயே தெரியும். ஆகவே எந்தக் கேமரா என்று தெரியாமல் திரையை நம்பக் கூடாது.

அடுத்தது திரையின் புள்ளிகள். 36.9 லட்சம் புள்ளி என்று விளம்பரம் செய்கிறார்களே, ஒரு பிக்சலுக்கு மூன்று வண்ணப் புள்ளி வீதம் பார்த்தால் அது 1280 × 960 பிக்சல்தான். சென்சார் 24 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 6000. திரையின் ஒரு பிக்சலுக்குள் சென்சாரின் நாலரைக்கும் மேற்பட்ட பிக்சல்கள் ஒளிந்துகொள்கின்றன. முழுச் சட்ட சென்சாரில் அது ஏறக்குறைய 0.028 மி.மீ. இந்த எண் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? புல ஆழ அட்டவணைகள் எல்லாம் 0.03 மி.மீ. மங்கலைக் "கூர்மை" என்று ஏற்றுக்கொண்டு போட்டவை. 8 × 10 அங்குல அச்சுப்படத்தைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிறவரின் கண்ணுக்காக வைத்த அளவு அது. ஆக, மின்னணு வியூஃபைண்டர் தன்னையறியாமலே அந்தப் பழைய அட்டவணையைத்தான் காட்டுகிறது. படத்தைக் கணினியில் 100 விழுக்காட்டில் பார்க்கிறவருக்கு அது தாராளமான கணக்கு. சோனி ஏ1 போன்றவற்றின் 94.4 லட்சம் புள்ளித் திரை 2048 × 1536 தருகிறது. முன்னேற்றம்தான், ஆனாலும் 24 மெகாபிக்சலிலேயே மூன்று பிக்சல் ஒளிந்துகொள்கிறது, சென்சாரில் பிக்சல் அதிகமுள்ள அந்தக் கேமராவில் அதைவிடக் கூடுதலாகவே. பெரிதாக்கிப் பார்க்கும் பொத்தான் இதற்காகத்தான் இருக்கிறது.

கூர்மையான விளிம்புகளை வண்ணக் கோட்டால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் பற்றிப் பேசினால் பொழுது விடிந்துவிடும். சிவப்புக் கோடு ஓடிய இடமெல்லாம் கூர்மை என்று நினைக்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிக்சல்பாண்டி

சரி, பெரிதாக்கிப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் வட்டங்களாவது படத்தில் வருவது போலவே தெரிகின்றன அல்லவா?

நுண்ணோக்கி

பெரும்பாலும். ஒரு விதிவிலக்கு மட்டும். எலக்ட்ரானிக் முன்திரை ஷட்டர் போட்டு, 1.4 துளையில், 1/2000 வினாடிக்கும் வேகமாக எடுத்துப் பாருங்கள். வெயிலில் இலைகளுக்கு நடுவே வரும் வட்டங்களில் மேலோ கீழோ ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும், பின்னணியும் சற்று முரடாகும். முன்திரை சென்சாரிலேயே நடக்கும் மின்செயல், பின்திரை சென்சாருக்கு முன்னால் சிறிது தள்ளி ஓடும் இயந்திரத் திரை. இரண்டும் ஒரே தளத்தில் இல்லாததால் சாய்ந்து வரும் ஒளியில் ஒரு பகுதி மறிக்கப்படுகிறது. மெதுவான வேகத்தில் இது தெரியாது. வியூஃபைண்டரில் எப்போதுமே தெரியாது. மெனுவில் முழு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் போய்விடும்.

ஃபிலிம்ரோல்

பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா வைத்திருக்கிறேன். அதில் முன்னோட்டப் பொத்தானே இல்லையே, என்ன செய்வது?

சதுரப்படம்

கே1000-இல் வைக்கவில்லை. 1976 முதல் 1997 வரை விற்ற கேமரா, விலை குறைவாக இருக்க வேண்டும் என்று கழித்துக்கட்டிய வசதிகளில் அதுவும் ஒன்று. வழி உண்டு. தேவையான எஃப் எண்ணை வைத்துவிட்டு, லென்ஸ் விடுவிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு லென்ஸைச் சிறிதளவு திருப்புங்கள். உடம்பில் இருக்கும் நெம்புகோல் விலகியதும் துளை நீங்கள் வைத்த அளவுக்கு மூடிக்கொள்ளும். பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டிவிடுங்கள். இடது கை லென்ஸைத் தாங்கியே இருக்கட்டும், தார்ச்சாலையில் நின்று செய்ய வேண்டாம்.

என்னிடம் இருப்பது யாஷிகா மேட் 124ஜி, மாமாவின் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. இரட்டை லென்ஸ் கேமராக்களில் இந்த விவாதமே வேறு மாதிரி. மேலே பார்க்கும் லென்ஸ் எஃப்/2.8, கீழே படம் எடுப்பது எஃப்/3.5. பார்க்கும் லென்ஸில் துளையை மாற்றும் அமைப்பே கிடையாது. நீங்கள் எஃப்/16 வைத்தாலும் குனிந்து பார்க்கும்போது 2.8-இன் மங்கல்தான் தெரியும். முழுக்கத் திறந்து எடுத்தாலும் கண்ட அளவு மங்கல் படத்தில் வராது. பின்னணி இவ்வளவு கரைகிறதே என்று மயங்கி ரோலை முடிப்பவர்கள் உண்டு. இதில் புல ஆழத்தை அளவுகோலில் படிக்க வேண்டும், பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களில் இதற்கு நேர்மாறு. அங்கே வெறும் சாளரம் வழியாகப் பார்க்கிறோம், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எல்லாமே கூர்மை.

அளவுகோல் என்றதும் ஒன்று. அந்தக் கோடுகளும் நுண்ணோக்கி சொன்ன 0.03 கணக்கிலோ அதை ஒட்டியோ போட்டவைதான். எஃப்/8 வைத்துவிட்டு எஃப்/4-க்கான கோடுகளுக்குள் விஷயத்தை அடக்கினால் பெரிய அச்சுக்கும் தாங்கும்.

மூன்றாம்கண்

பொத்தான் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வேடிக்கை. 1992-இல் வந்த கேனான் இஓஎஸ் 5-இல் கண்ணசைவைக் கேமரா கண்டுபிடிக்கும். வியூஃபைண்டரின் இடது மேல் மூலையை உற்றுப் பார்த்தால் போதும், துளை தானே மூடி முன்னோட்டம் காட்டும். விரலே வேண்டாம். இப்போதைய கேமராக்களில் அது ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் என் வாக்கு அவருக்கு.

எஃப்/11 போன்ற சிறிய துளைகளில் எல்லாம் இருண்டுவிடுகிறது, ஒன்றும் தெரியவில்லை என்று புதியவர்கள் பொத்தானை வெறுத்துவிடுகிறார்கள். 2.8-இலிருந்து 11-க்குப் போனால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கு, இருளத்தான் செய்யும். படம் முழுவதையும் பார்க்காதீர்கள். பின்னணியில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பெயர்ப்பலகை, ஒரு கிளை. பொத்தானை அழுத்தியபடியே ஒவ்வொரு ஸ்டாப்பாக (வெளிச்சம் பாதியாகும் ஒவ்வொரு படியாக) மூடிக்கொண்டு வாருங்கள். பலகையில் எழுத்து எப்போது எழுத்தாகிறது என்று கவனியுங்கள். ஒரே தாவலில் 11-க்குப் போனால் கண் இருட்டைத்தான் பார்க்கும். தலைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்த வேலையில் பழைய ஸ்கிரீனுக்கும் புதிய ஸ்கிரீனுக்கும் வேறுபாடில்லை, எஃப்/4-இலும் அதைவிடச் சிறிய துளைகளிலும் இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. இருட்டறை சார் சொன்னபடி முக்காலியில் வைத்துப் பார்த்தேன். கண்வைக்கும் இடத்தில் கைபேசியைப் பிடித்து 1.4, 2, 2.8, 4 நான்கையும் படமெடுத்தேன். முதல் மூன்றும் அச்சு அசல் ஒன்றே. 4-இல்தான் விளக்கு சுருங்குகிறது. லைவ் வியூவில் நான்கும் நான்கு விதம். அகல்விளக்கு அக்காவின் வகுத்தலையும் ஒப்பிட்டேன். எதிர் வீட்டு மாடி விளக்கு நண்பனின் முகத்துக்குப் பக்கத்தில் கண்ணிலிருந்து வாய் வரை வருகிறது, கணக்குக்கு ஒத்துப்போகிறது. பழுது கடைக்குப் போகப் போவதில்லை.

6டி-க்கு ஈஜி-எஸ் என்று ஒரு ஸ்கிரீன் இருப்பதாகப் படித்தேன். மாற்றினால் 1.4 தெரியுமா?

இருட்டறை

2.8-ஐவிடத் திறந்த துளையின் மங்கல் இப்போதைவிட நன்றாகத் தெரியும், கையால் ஃபோகஸ் செய்வதும் எளிதாகும். எஃப்/2.8 அல்லது அதைவிடப் பெரிய துளை உள்ள லென்ஸ்களுக்கென்றே கேனான் செய்த ஸ்கிரீன் அது. எஃப்/4 ஜூம் போட்டால் காட்சி இருளும், மண்டபத்துக்குள் அது எரிச்சலாக இருக்கும். 85 மட்டும்தான் பெரும்பாலும் மாட்டுகிறீர்கள் என்றால் வாங்கலாம், ஜூமில்தான் பாதி வேலை என்றால் வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு லைவ் வியூவும் அக்காவின் வகுத்தலும் போதும்.

அகல்விளக்கு

நான் மாற்றவில்லை. வரவேற்பு நிகழ்ச்சியில் 24–105 எஃப்/4 ஜூம் கழுத்தைவிட்டு இறங்காது.

கரிசல்காட்டான்

எனக்கு 85-தான் எப்போதும். ஜூம் இருக்கிறது, தூசிதான் படிகிறது. வாங்கலாம் என்றிருக்கிறேன்.

இருட்டறை

அப்படியானால் இரண்டு செய்தி. மாற்றியதும் மெனுவில் தனிப்பயன் அமைப்புகளுக்குப் போய் ஃபோகஸிங் ஸ்கிரீன் என்ற இடத்தில் ஈஜி-எஸ் என்று தேர்ந்தெடுங்கள். ஒளியளவி ஸ்கிரீனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதன் வழியாகத்தான் அளக்கிறது. எந்த ஸ்கிரீன் என்று சொல்லாவிட்டால் படங்களின் வெளிச்சம் தவறும், லென்ஸைத் திரும்பவும் கடைக்குக் கொண்டுபோவீர்கள்.

இரண்டாவது, ஸ்கிரீனின் நடுப்பகுதியை விரலால் தொடவே கூடாது. ஓரத்தில் சிறு நாக்கு போல நீட்டியிருக்கும், கூட வரும் இடுக்கியால் அதை மட்டும் பிடியுங்கள். தூசி விழுந்தால் காற்றுப் பந்தால் ஊதுங்கள், துணி வேண்டாம். அந்தப் பரப்பில் விழுந்த கீறல் படத்தில் வராது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும்.